ஆசானை மாற்றினால் ஆட்டம் மாறுமோ?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசையும் நாடகமும் பேசுவது மரபு. உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்தோம் எனில், அதற்குக் காரணம் உண்டு. இக்கொல்கத்தா மாநகரில் வாழும் எவர்க்கும் அப்பொருள் அயலானதன்று. லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடியும் மல்லிகைச் சரமும் வாங்கி வீடு திரும்பும் வழியிலேயே, பெரிய ஆட்டம் நடைபெறும் நாளின் அறிகுறிகளை நாம் கண்டுகொள்கிறோம். ஒரு தெருவில் பச்சையும் அரக்கும் கலந்த கொடி. அடுத்த தெருவில் சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த கொடி. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் விருந்தாகும் என்பது இந்நகர் வழக்கு. மீனைக் கையாலும் தொடாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆயினும் மறுநாட் காலையில் எந்த அண்டை வீட்டாரிடம் எதைப் பேசலாகாது என்பதை அவர்களும் நன்கறிவர்.

அந்தப் பெரிய ஆட்டத்தில் தோற்ற கழகத்தின் வாயிலில் மறுநாளே எழும் முழக்கம் ஒன்று உண்டு. ‘பயிற்சியாளரை மாற்று!’ என்பதே அது. சில வாரங்களில் கழகத்தாரும் அதற்கு இசைகின்றனர். புதியவர் விமான நிலையத்தில் வந்திறங்குகிறார்; மாலை சூட்டி வரவேற்கின்றனர்; அடுத்த ஆண்டோ, அதற்கும் முன்னரோ, அவரும் சொல்லாமற் கொள்ளாமல் ஊர் திரும்புகிறார். வெற்றி வேண்டி ஆசானை அடிக்கடி மாற்றும் இவ்வழக்கம் வெற்றியைத் தருகிறதா? இதுவே நாம் இன்று எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

இவ்வூர்க் கழகங்களின் பழமையை முதலில் நினைவு கூர்தல் நலம். மோகன் பகான் 1889-இல் தோன்றியது. 1911 ஜூலை 29-ஆம் நாள் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என வென்று, ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி என்னும் புகழ் எய்தியது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் பிறந்தது. தென்னாட்டவர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் தென்னாட்டு ஐவரை ஈஸ்ட் பெங்கால் அன்பர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே அழைத்தனர். 1961-இல் அக்கழக அணிக்குத் தலைமை தாங்கிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். 2023-இல் மறையும் வரை உத்தர்பாராவில், இவ்வங்க மண்ணிலேயே வாழ்ந்தவர்.

ஆட்டக்காரர் பெயருக்கு இணையாகப் பயிற்சியாளர் பெயரும் மக்கள் நாவில் பயின்றது 1970-களில் எனலாம். பிரதீப் குமார் பானர்ஜி 1972-இல் ஈஸ்ட் பெங்காலின் பொறுப்பேற்றார். நான்கு ஆண்டுகள் அவரிடம் அணியை விட்டுவைத்தனர். 1970 முதல் 1975 வரை அக்கழகம் தொடர்ந்து வென்ற ஆறு லீக் பட்டங்களுள் பின்னைய நான்கு அவர் காலத்தன. 1975 கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை ஐந்து கோல்களால் வீழ்த்தியதும் அவர் காலத்தில்தான். 1976-இல் அவர் மோகன் பகானுக்குச் சென்றார். மறு ஆண்டே அக்கழகம் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு ஈடன் தோட்டத்தில் இரண்டுக்கு இரண்டு எனச் சமன் செய்தது, ஐ.எப்.ஏ. கேடயம், டூரண்டு, ரோவர்ஸ் என மூன்று கோப்பைகளையும் அதே ஆண்டில் வென்றது.

அவர்க்கு எதிர் நின்றவர் அமல் தத்தா. 1997-இல் மோகன் பகானின் ஆசானாக அவர் அமைத்த ‘வைர’ வியூகத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. அவ்வாண்டு ஜூலை 13-ஆம் நாள் பெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காணச் சால்ட் லேக் அரங்கில் ஏறத்தாழ 1,31,000 பேர் கூடினர். எதிரணியின் ஆசான் பிரதீப் குமார் பானர்ஜி. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் நான்குக்கு ஒன்று என வென்றது. ஊர் வியந்த வியூகம் ஒரு மாலைப்பொழுதில் நகைப்புக்கு இடமாயிற்று. அப்பருவத்தின் தேசிய லீக் பட்டத்தை 1998-இல் மோகன் பகான் வென்றபோது, ஆசானின் இருக்கையில் இருந்தவர் அமல் தத்தா அல்லர்; கேரளத்தவரான டி. கே. சாத்துண்ணி.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். ஈஸ்ட் பெங்கால் 2018-இல் ஸ்பெயின் நாட்டினரான அலெஹாந்த்ரோ மெனெந்தெஸை அமர்த்தியது. 2019 மார்ச்சில் முடிந்த ஐ-லீக்கில், நம் சென்னை சிட்டி அணிக்கு ஒரே ஒரு புள்ளி பின்தங்கி அக்கழகம் இரண்டாம் இடம் பெற்றது. அடுத்த பருவத்தில் சில தோல்விகள். 2020 ஜனவரியில் பெரிய ஆட்டத்திலும் தோல்வி. சில நாட்களில் அவர் விலகினார். அவர்க்குப் பின் மாரியோ ரிவேரா, இங்கிலாந்தின் ராபி பௌலர், மனோலோ தியாஸ், மீண்டும் ரிவேரா, ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், கார்லெஸ் குவாட்ராத், 2024 அக்டோபரில் ஆஸ்கர் புருசோன். இடைக்காலத்துக்கு வந்து போனவர்களைச் சேர்க்காமலே, ஆறாண்டுகளுக்குச் சற்று மிகுந்த காலத்தில் எட்டு நியமனங்கள்!

இவர்களுள் குவாட்ராத்தின் கதை தனித்துக் கூறத்தக்கது. 2024 ஜனவரி 28-ஆம் நாள் புவனேசுவரத்தில் ஒடிசா அணியைக் கூடுதல் நேரத்தில் வென்று அவர் சூப்பர் கோப்பையைக் கொணர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அக்கழகத்துக்குக் கிட்டிய தேசியக் கோப்பை அது. அன்று அவரைத் தோளில் சுமக்காத குறைதான். அதே ஆண்டு செப்டம்பரில் லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வியாயின. செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் விலகினார். கோப்பைக்கும் விடைபெறலுக்கும் இடையே எட்டு மாதங்கள்.

இத்தனை மாற்றங்களின் பயன் யாது? இந்தியன் சூப்பர் லீக்கில் அக்கழகம் ஆடிய முதல் ஐந்து பருவங்களில் நான்கு முறை ஒன்பதாம் இடம். ஒருமுறை பதினோராம் இடம், அதாவது கடைசி. ஆசான்கள் மாறினர், இடம் மாறவில்லை.

ஆயின் மோகன் பகானைச் சுட்டி நம்மை மடக்குவோர் உளர். அவர்கள் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2020 மார்ச் 10-ஆம் நாள், நான்கு ஆட்டங்கள் எஞ்சியிருக்கும்போதே, கிபு விக்குனா அக்கழகத்துக்கு ஐ-லீக் பட்டம் வென்று தந்தார். அவ்வாண்டே கழகம் ஏ.டி.கே. நிறுவனத்தோடு இணைந்தது, ஆசானாக அந்தோனியோ ஹபாஸ் வந்தார், வென்றவர் வேறூர் சென்றார். 2021 டிசம்பரில், நான்கு ஆட்டங்களில் வெற்றி வாய்க்காமையால் ஹபாஸ் போனார்; ஹுவான் பெர்ராண்டோ வந்தார். 2023 மார்ச்சில் சூப்பர் லீக் கோப்பையும், செப்டம்பரில் டூரண்டு கோப்பையும் வென்றார். டிசம்பரில் தொடர்ந்து மூன்று தோல்விகள். 2024 ஜனவரி 3-ஆம் நாள் அவரும் போனார். போன ஹபாஸே மீண்டு வந்து, அவ்வாண்டு ஏப்ரலில் லீக் கேடயத்தை வென்றார். அடுத்து வந்த ஹோசே மொலினா 2025-இல் கேடயம், கோப்பை இரண்டையும் வென்றார், அக்டோபரில் ஐ.எப்.ஏ. கேடயத்தையும் வென்றார், நவம்பரில் விடைபெற்றார், செர்ஹியோ லொபேரா வந்தார். “பாருங்கள், மாற்ற மாற்ற வெற்றி மேல் வெற்றி வரவில்லையா?” என்று கேட்கின்றனர்.

இங்கேதான் நாம் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். அக்கழகத்தில் மாறியது எது, மாறாதது எது? ஆசான்கள் மாறினர். ஆனால் 2023-இல் கோப்பை வென்ற அணியில் இருந்த சுபாசிஷ் போஸ், விஷால் கைத், மன்வீர் சிங், லிஸ்டன் கொலாசோ, திமித்ரி பெட்ரடோஸ் முதலியோர் 2025-இல் கோப்பை வென்ற அணியிலும் இருந்தனர். பொருளுதவி செய்யும் நிறுவனமும் ஒன்றாகவே நிலைத்தது. நல்ல ஆட்டக்காரரைப் பேணும் பொருளும் அங்கே இருந்தது. சக்கரத்தின் அச்சு உறுதியாக இருந்தமையால், கடையாணியை மாற்றியபோது வண்டி கவிழவில்லை. ஈஸ்ட் பெங்காலிலோ அச்சே மாறிக்கொண்டிருந்தது. 2018-இல் ஒரு நிறுவனம், 2020-இல் மற்றொன்று, 2022-இல் வேறொன்று எனக் கூட்டாளிகள் மாறினர். சிலமுறை பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில் அணியைத் திரட்ட வேண்டியதாயிற்று. சமைப்பவர்க்கு அரிசியையே மாலையில் கொடுத்துவிட்டு, இரவுச் சோறு குழைந்ததென்று சினப்பது முறையாகுமோ?

மேல்நாட்டிலும் இதே உண்மையைக் காணலாம். இலண்டனின் செல்சி கழகத்தை 2003 முதல் 2022 வரை தம் உடைமையாகக் கொண்டிருந்த ரோமன் அப்ரமோவிச், ஆசான்களை மாற்றுவதில் பேர்போனவர். 2012 மே மாதம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்த டி மட்டேயோவை அதே ஆண்டு நவம்பரில் நீக்கினார். ஆயினும் அவர் காலத்தில் அக்கழகம் ஐந்து லீக் பட்டங்களை வென்றது. காரணம் யாது? ஆசான்கள் வந்து போன ஆண்டுகள் பலவற்றில் டெர்ரி, லம்பார்டு, செக் ஆகியோர் நடுத்தூண்களாக நின்றனர். நின்றவர்களால் கிடைத்த வெற்றியை, நீக்கியதால் கிடைத்த வெற்றியென்று மயங்குதல் கூடாது.

நெதர்லாந்து நாட்டுப் பொருளியல் அறிஞர் பாஸ் தெர் வீல் என்பார், அந்நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்தார். தொடர் தோல்விக்குப் பின் ஆசானை நீக்கிய அணிகளையும், அதே போன்ற தோல்விக்குப் பின்னும் நீக்காத அணிகளையும் அருகருகே வைத்து நோக்கினார். நீக்கிய அணிகள் தேறின என்பது மெய். நீக்காத அணிகளும் ஏறக்குறைய அவ்வாறே தேறின என்பதும் மெய். தானே தணியவிருந்த காய்ச்சலுக்குக் கடைசி நாள் குடித்த கசாயம் பெயர் வாங்கிக்கொள்வது போன்றது இது.

இதனால், எவரையும் எக்காலத்தும் மாற்றவே கூடாது என்பது நம் கருத்தன்று. நம் சென்னையின் அணியே அதற்குச் சான்று. 2018-இல் சென்னையின் எப்.சி.க்குச் சூப்பர் லீக் கோப்பை வென்று தந்தவர் ஜான் கிரகரி. அடுத்த பருவத்தில் அணி கடைசி இடத்துக்கு வீழ்ந்தபோதும் கழகத்தார் அவரை நீக்கவில்லை. அதற்கடுத்த பருவமும் தடுமாற்றமாகவே தொடங்கியது. 2019 பிற்பகுதியில் அவர் விலக, ஓவன் காயல் வந்தார். அதே அணி 2020 மார்ச்சில் இறுதியாட்டம் வரை சென்றது. முன்னவர்க்கு உரிய காலம் கொடுத்து, அதன் பின் செய்த மாற்றம் அது. நோயறிந்து செய்யும் அறுவை வேறு. வலித்த இடத்தையெல்லாம் வெட்டுவது வேறு.

அங்ஙனமாயின், அறிவும் பொருளும் உடைய கழகத்தார் ஏன் அவசரப்படுகின்றனர்? ஆட்டக்காரர் பதினொருவரை ஒரே நாளில் நீக்க இயலாது. ஆசான் ஒருவரை நீக்கலாம். தவறான ஆட்டக்காரரைத் தேர்ந்தவர் யார், பணத்தைக் காலத்தில் தராதவர் யார் என்ற கேள்விகள் எழுமுன், ‘நடவடிக்கை எடுத்துவிட்டோம்’ என்று காட்டுவதற்கு அது எளிய வழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. இங்கே ஆட்டுவிக்கத் தெரியாதவர்கள் ஆசான் கோணல் என்கின்றனர். மேலும், ஓராண்டு உழைப்பையெல்லாம் பெரிய ஆட்டத்தின் தொண்ணூறு நிமிடங்களில் எடைபோடும் வழக்கமும் இந்நகருக்கு உண்டு. அத்தராசில் நிற்கவல்லவர் உலகில் எவருமிலர்.

இதனால் விளையும் இழப்பு யாருடையது? வெளிநாட்டு ஆசானுக்கு வேறு நாட்டில் வேலை கிடைக்கும். இழப்பு நம்மவர்க்கே. சஞ்சய் சென் என்னும் இவ்வூர் ஆசான் 2014 டிசம்பரில் மோகன் பகானின் பொறுப்பேற்று, 2015 மே 31-ஆம் நாள், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அக்கழகத்துக்குத் தேசிய லீக் பட்டம் பெற்றுத் தந்தார். 2018 ஜனவரி 2-ஆம் நாள், கொல்கத்தாவில் சென்னை சிட்டி அணியிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்ற அன்றே, சொந்த ஊர்க் கூட்டத்தின் சினத்துக்கு நடுவே பதவி துறந்தார். அவர்க்குத் திறமை வற்றிவிட்டதா? 2024 டிசம்பர் 31-ஆம் நாள் ஐதராபாத்தில் கேரளத்தை வென்று வங்க அணி சந்தோஷ் கோப்பையைத் தூக்கியபோது, அவ்வணியின் ஆசான் அதே சஞ்சய் சென்தான். அந்த அணியில் ஆடியோர் மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர். இளங்கால்களை வளர்க்க ஆண்டுகள் வேண்டும். அடுத்த மாதம் இருப்போமா என்று அறியாத ஆசான், பதினெட்டு வயதுச் சிறுவனைக் களமிறக்கிப் பழக்குவானா? பெயர்பெற்ற முப்பது வயதுக்காரரையே நம்புவான். மரம் நட நேரமில்லாதவன் சந்தையில் பழம் வாங்குவான்.

பொறுமை என்பது வெறும் அறவுரையன்று. நம் நாடு கண்டறிந்த வழி. ஐதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் 1951-இல் தில்லி ஆசிய விளையாட்டில் நம் அணியைத் தங்கம் பெறச் செய்தார். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில் வெறுங்காலுடன் ஆடியவர் பலர் கொண்ட நம் அணி, யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று எனத் தோற்றது. இன்று அத்தகைய தோல்வி நேர்ந்தால் ஆசான் விமானம் ஏறுமுன்பே வேலை இழந்திருப்பார். அன்று அவர் மீதிருந்த நம்பிக்கை அழியவில்லை. 1956-இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும், 1962-இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கமும் அவர் கையாலேயே வந்தன. அந்த 1962 அணியில் நம் பலராமும் இருந்தார். 1963-இல் ரஹீம் மறைந்தார். ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத் தங்கம் அதன் பின் நம் நாட்டுக்கு வரவேயில்லை.

இவ்வாட்டத்தைக் கண்டிராத வள்ளுவர் இச்சிக்கலை அறிந்திருந்தார். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. இவ்வேலையை இவரால் இவ்வழியில் முடிக்க இயலும் என்று தெளிந்தபின், அவரிடமே விட்டுவிட வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்துகிறார்.

இதை மைதானத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆசானை அமர்த்துமுன் மாதக்கணக்கில் ஆராய்க. அமர்த்தும் நாளிலேயே இத்தனை பருவம், இன்னின்ன அளவுகோல் என்று எழுதி வைக்க. பட்டத்தை மட்டும் அளவாகக் கொள்ளாமல், எத்தனை இளைஞர் அணியில் ஏறினர் என்பதையும் அளவாகக் கொள்க. குறித்த காலம் முடிந்து குறித்த அளவு எய்தப்படவில்லையெனில், மரியாதையோடு விடை கொடுக்க. இவ்வாறு செய்யும் மாற்றத்தை எவரும் குறைகூறார்.

அன்பர்களே! இப்பொருளை இம்மேடைக்குக் கொணர்ந்ததற்குக் காரணம், அது மைதானத்தோடு முடிவதன்று என்பதே. அரையாண்டுத் தேர்வில் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தவுடன் தனிப்பயிற்சி ஆசிரியரை மாற்றும் பெற்றோர் எல்லாக் குடியிருப்பிலும் உண்டு. புதியவர் வந்து, பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறான் என்று அறியவே மூன்று மாதம் ஆகும். அதற்குள் முழுஆண்டுத் தேர்வு வந்துவிடும். வீட்டில் தமிழ் பேசியும், பள்ளியில் வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் கற்றும் வளரும் நம் குழந்தைகளுக்கு, அகரம் கற்பிக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் வரும் ஆசிரியையிடம், ஆறு மாதத்தில் பிள்ளை ஏன் பத்திரிகை படிக்கவில்லை என்று கேட்பதும் அவ்வகையே. சங்கப் பணிகளிலும் ஒரு விழாவில் ஒலிபெருக்கி கெட்டதற்குச் செயலாளரை மாற்ற எண்ணுவோமாயின், அடுத்த ஆண்டு அப்பொறுப்பை ஏற்க எவர் முன்வருவார்?

ஆசானுக்கு நாம் தரும் ஊதியத்துள் பெரியது காலம். அதைக் கொடுக்காமல் பயனை மட்டும் கேட்பது, விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறி முளை வந்ததா என்று பார்ப்பதற்கு ஒப்பாகும். முளைக்கவிருந்த விதையும் அதனால் கெடும். கிளறும் கையை அடக்குதல் எளிதன்று. கூட்டம் கூக்குரலிடும்போது அடக்குதல் இன்னும் அரிது. அவ்வருமையைச் செய்ய வல்லவர்களே கழகத்தையும் சங்கத்தையும் குடும்பத்தையும் வளர்க்க வல்லவர்கள்.

அடுத்த பெரிய ஆட்டத்தில் நம் வீட்டு இளைஞர்கள் எந்தக் கொடியின் கீழ் அமர்ந்தாலும் நமக்கு மகிழ்ச்சியே. வென்றால் ஆரவாரம் செய்க; தோற்றால் வருந்துக. ‘மாற்று!’ என்னும் முழக்கம் எழும்போது மட்டும், மாற்ற வேண்டியது எதை என்று ஒரு கணம் எண்ணுக.